சொறி இல்லாத கரை

கோடை விடுமுறை நெருங்கும்போது உள்நாட்டு ஊர்களில் இருக்கும் உறவினர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான். "பிள்ளைங்களைக் கடலுக்குக் கூட்டிட்டு வரோம். ஜெல்லி மீன் இல்லாத பீச் எது?" நான் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் குடியிருப்பவன், முடிந்த நாளெல்லாம் காலையில் கடலில் இறங்குகிறவன். எனக்குத் தெரியாமல் இருக்குமா என்பது அவர்கள் எண்ணம். நீலாங்கரை என்றோ கோவளம் என்றோ மாமல்லபுரம் என்றோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும். வண்டியை அங்கே விட்டுவிடுவார்கள். நான் பெயர் சொல்வதில்லை. "என்னைக்கு வரீங்க, எத்தனை மணிக்கு இறங்குவீங்க?" என்று திருப்பிக் கேட்கிறேன். கோயம்புத்தூர்ச் சித்தப்பாவுக்கு இது நழுவல் பேச்சாகத் தெரிகிறது. இந்தக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

கரையில் இருப்பவர்கள் ஜெல்லி மீனைச் சொறி என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். எலும்பு, மூளை, இதயம் எதுவும் கிடையாது. உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். இவ்வளவு சொற்பச் சொத்தை வைத்துக்கொண்டு 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகத் தாக்குப்பிடித்திருக்கிறது. குடையை விரித்து மூடி ஓரளவு நகரத் தெரியுமே ஒழிய, எந்த ஊருக்குப் போவது என்பதைப் பெரும்பாலும் நீரோட்டமும் காற்றும்தான் முடிவுசெய்கின்றன. நேற்று ஒன்றுகூட இல்லாத கரையில் இன்று கால் வைக்க இடமில்லாமல் கிடப்பதும், பத்துக் கிலோமீட்டர் தள்ளி அதே நேரத்தில் தண்ணீர் சுத்தமாக இருப்பதும் இதனால்தான். 'அந்த பீச்சில் சொறி உண்டு, இந்த பீச்சில் கிடையாது' என்று ஊர்வாரியாகப் பட்டியல் போடுகிறவர்களை நம்பாதீர்கள். அவர்கள் போன அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

நமக்காவது வேறு கரைக்கு வண்டியைத் திருப்பும் வசதி உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு அதுவும் இல்லை. குளிர்விப்பதற்காகக் கடல்நீரை உள்ளே இழுக்கும் இடத்தில் சொறிக்கூட்டம் சல்லடைகளில் வந்து அப்பிக்கொள்வது அங்கே பழைய தொல்லை. 2011இல் ஸ்காட்லாந்தின் டோர்னஸ் நிலையமும், 2013இல் சுவீடனின் ஆஸ்கர்ஷாம் நிலையமும் சொறி அடைத்துக்கொண்டதால் உலைகளை நிறுத்த வேண்டிவந்தது. கடலை அளந்து, இடம் பார்த்து, பெரும்பணம் போட்டுக் கட்டியவர்களுக்கே இந்தக் கதி. சித்தப்பாவுக்கு நான் எந்தப் பெயரைச் சொல்வது?

காற்றை மட்டும் நம்பி வாழும் ஒன்று இருக்கிறது. போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று புத்தகங்களிலும், நீலக்குப்பி என்று ஆஸ்திரேலியர் வாயிலும் வழங்குவது. பார்க்கச் சொறி மாதிரி இருந்தாலும் இது வேறு வகை. ஓர் உயிர் என்றுகூடச் சொல்ல முடியாது. மிதப்பதற்கு ஒன்று, கொட்டுவதற்கு ஒன்று, செரிப்பதற்கு ஒன்று, இனம் பெருக்க ஒன்று என்று பல உயிர்கள் ஒட்டிக்கொண்டு நடத்தும் கூட்டுக் குடித்தனம். நீல நிறக் காற்றுப்பை தண்ணீருக்கு மேலே பாய்போல நிற்கும்; கீழே பத்து மீட்டர், சிலவற்றில் முப்பது மீட்டர் வரைகூட நூல்கள் தொங்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிலவற்றுக்குப் பாய் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், சிலவற்றுக்கு வலப்பக்கம். ஒரே காற்றில் இரு வகையும் இரு பக்கமாகப் பிரிந்து போகும். ஒரு கூட்டம் கரையில் வந்து செத்தாலும் மறு கூட்டம் தப்பிக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். மும்பையின் ஜுஹுவில் மழைக்காலத்துக் காற்று இவற்றை அள்ளிக்கொண்டு வந்து போடுவதும், ஆகஸ்டு மாதச் செய்திகளில் கொட்டுப்பட்டவர்கள் இடம்பெறுவதும் அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன விஷயம். சென்னையிலும் சில காலைகளில் மணலில் நீல நூலைப் பார்க்கலாம்.

அது செத்துக் கிடக்கிறது என்று பிள்ளைகள் குச்சியால் குத்துவார்கள், பிறகு கையால் தொடுவார்கள். செத்தபின்னும் கொட்டும். நூல் முழுக்க நுண்ணிய பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டிவைத்த ஊசி. தொட்டதும் தெறித்துக் குத்துகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ராவில் இந்தத் தெறிப்பை 2006இல் அதிவேகக் கேமராவால் அளந்தார்கள்: ஒரு விநாடியைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவான நேரம். இதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. பையும் ஊசியும் கெடாமல் இருந்தால் போதும். பிடிக்காதவர்களைக் கண்டு கோபப்பட்டுக் கடிக்கிற பிராணி இல்லை இது. நம் தோல் வந்து இடித்தது, அது வெடித்தது.

ஆகவே நான் பார்ப்பது காற்றை. சென்னைக் கரை கிழக்கைப் பார்த்தபடி ஏறக்குறைய நேர்கோடாக நீள்கிறது. இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். நிலம் சூடேறிய பின், நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்போ, கடற்காற்று உள்ளே திரும்பும். மேலே மிதப்பவை எல்லாம் இரவில் வெளியே தள்ளப்பட்டு, மதியத்துக்கு மேல் கரையை நோக்கி வரத் தொடங்கும். மாலை ஐந்து மணிக் கடலைவிடக் காலை ஏழு மணிக் கடல் எனக்குப் பிடிப்பதற்கு இதுதான் முதல் காரணம். ஆறு மணிக்கு முன்னால், இருட்டோடு இறங்குவதில்லை. மேலே மிதக்காத வகைகளில் பல இரவில் மேல்மட்டத்துக்கு ஏறி, வெளிச்சம் வந்தபின் கீழே இறங்குகிறவை. தவிர, வெளிச்சம் இருந்தால்தான் எதிரே வருவது நமக்கும் கண்ணுக்குத் தெரியும்.

பருவத்துக்கும் இதே கணக்குத்தான். மே, ஜூனில் மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று ஓங்கி வீசும் காலைகளில் மேல்தண்ணீர் வெளியே ஓடும்; கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், சில நாள் திடுக்கிட வைக்கும் அளவுக்குக் குளிர்ந்தும் இருக்கும். சொறி குறைவாக இருப்பது அப்போதுதான் என்பது என் அனுபவம். வடகிழக்குப் பருவத்தில், கிழக்கேயிருந்தும் வடகிழக்கேயிருந்தும் நாள்கணக்கில் காற்று கரைக்கு அடித்தால், நடுக்கடலில் மிதந்தவை எல்லாம் நம் வாசலுக்கு வந்துவிடும். புயலுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போனபின் பெசன்ட் நகர்க் கரையில் நீல டிராகன்கள் ஒதுங்கியதைப் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. விரல் நீளத்துக்கும் குறைவான, பார்க்க நகை போன்ற கடல் நத்தை அது. ஓடு கிடையாது. நீலக்குப்பியைத் தின்று, அதன் கொட்டும் பைகளைச் செரிக்காமல் எடுத்துத் தன் உடம்பில் சேமித்துக்கொள்ளும். திருட்டு ஆயுதம்தான், ஆனாலும் நன்றாக வேலை செய்யும். அது கரையில் கிடந்தால் அதன் சாப்பாடும் அருகிலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நான் வீடு திரும்பிவிடுவேன்.

வானிலைச் செயலிகள் காற்றின் திசையைச் சொல்லிவிடும். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்பவர்கள் வேறு. கரைவலை இழுக்கும் இடம் ஏதாவது கண்ணில் பட்டால், துண்டை வைப்பதற்கு முன்பு அங்கே போய் நிற்கிறேன். கடலில் வளைத்துப் போட்ட வலையை இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்து, கடைசியில் மடி கரைக்கு வரும்போது, அந்தக் கடல் துண்டில் இருந்தது அத்தனையும் அதற்குள் இருக்கும். விலை கொடுத்தாலும் கிடைக்காத ஆய்வறிக்கை.

"இறங்கலாமாண்ணா?"

"வேணா சார். மடி ஃபுல்லா சொறி. கையைப் பாரு சார், எப்டி தடிச்சிருக்கு."

"நாளைக்கு?"

"காத்து திரும்புனா பூடும். வெள்ளம் மாறணும்."

வெள்ளம் என்று அவர் சொல்வது நீரோட்டத்தை. வங்கக் கடலின் இந்த ஓரத்தில் நீரோட்டம் ஆண்டின் ஒரு பாதியில் வடக்கேயும் மறு பாதியில் தெற்கேயும் ஓடுகிறது. இடையில் நாளுக்கு நாள் குழம்பவும் செய்கிறது. அதை முன்கூட்டிச் சரியாகச் சொல்லக் கருவிகளுக்கே திணறல். வலை இழுப்பவருக்கு அது கூலியோடு சம்பந்தப்பட்ட விஷயம்: சொறி நிறைந்த வலை கனக்கும், கிழியும், மீனையும் கெடுக்கும். நமக்கு அரிப்போடு போவது அவருக்கு ஒரு நாள் வருமானம். அதனால்தான் அவர் கவனம் நம் கவனத்தைவிட நம்பத் தகுந்தது. கேட்டால் சொல்வார்கள். கேட்க நமக்குத்தான் கூச்சம்.

வலை இல்லாத கரையில் அலை விட்டுச்சென்ற கோட்டோரம் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும். கண்ணாடித் துண்டு போன்ற வட்டங்கள், நீல நூல், சின்ன நீலப் பொத்தான் மாதிரிக் கிடப்பவை. அந்தப் பொத்தான் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. ஆனால் நீலக்குப்பியைக் கொண்டுவரும் அதே காற்றில்தான் அதுவும் வருகிறது.

இனி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சொறிக்குப் பயந்து கரை தேடுகிறவர்கள் கூடவே அலையில்லாத இடமாகவும் கேட்பார்கள், குழந்தைகள் இருக்கிறார்களே என்று. இரண்டும் எளிதில் சேர்ந்து அமையாது. தூண்டில் வளைவுக் கல்லுக்குப் பின்னால், துறைமுகச் சுவரின் மறைவில், கழிமுகத்தை ஒட்டிய குளம் போன்ற தண்ணீரில் அலை அடங்கியிருக்கும். மிதந்து வருவதெல்லாம் வந்து தங்குவதும் அங்கேதான். போதாக்குறைக்கு, பல சொறி வகைகளின் குஞ்சுப் பருவம் கெட்டியான தளத்தில் ஒட்டி வளர்வது. கல்லும் சிமென்டும் தூணும் கடலுக்குள் கூடக்கூட அவற்றுக்குத் தொட்டில் கூடுகிறது. மணலைக் காக்கக் கட்டியது சொறிக்கும் உதவுகிறது. கொந்தளிக்கும் திறந்த கரையில் மென்மையான அந்த உடம்புகள் அடிபட்டுச் சிதையும். பெட்டி வடிவச் சொறிகள் அலை மோதும் இடத்தைத் தவிர்ப்பவை என்பதும் தெரிந்ததுதான். ஆக, சொறியை மட்டும் கணக்கிட்டால் மெரினா போன்ற திறந்த கரை தேவலை.

ஆனால் மெரினாவில் ஆளை விழுங்குவது இழுப்பு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் அங்கே மூழ்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் நினைவுச்சின்னம், 1930இல் பிறர் உயிரைக் காக்கப் போய்த் தான் மூழ்கிய டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டுக்காக எழுப்பியது. அதன் நிழலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, "இங்க ஜெல்லி மீன் இருக்குமா?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னைக் கடலில் சொறியால் வருவது பெரும்பாலும் எரிச்சலும் தடிப்பும். இழுப்பால் வருவது சாவு. எதைத் தவிர்க்க எதை ஏற்பது என்று கேட்டால் நான் தயங்காமல் சொறியை ஏற்பேன். நீச்சல் தெரியாத பிள்ளைகளோடு வருகிறவர்கள் அலை அடங்கிய இடத்துக்கே போகட்டும். சொறி வந்தால் கரையேறிச் சுண்டல் சாப்பிடலாம்.

பாண்டிச்சேரியில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் தடுப்பு கட்டி மணலை மீட்டிருக்கிறார்கள். காலையில் அங்கே நடப்பது சுகம். நீந்த நான் அதை நம்புவதில்லை.

காற்றுக்குத் தக்கபடி கடலை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள இடம் தமிழ்நாட்டில் இராமேஸ்வரம் தீவுதான். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கத்தில் அமைதியானதைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குக் காற்றில் ஒன்று அடங்கும், வடகிழக்குக் காற்றில் மற்றது அடங்கும். சாலையைக் கடந்தால் வேறு கடல். ஆனால் தீவின் நுனியில், அரிச்சல்முனையில், இரண்டு கடலின் ஓட்டமும் முட்டுகிறது. அங்கே தண்ணீரில் இறங்கவே கூடாது.

நம் ஊரில் கடலில் முழுகுகிறவர்களில் பெரும்பாலோர் கரையையும் தேர்ந்தெடுப்பதில்லை, நாளையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் மாசி மகமும் காற்றைக் கேட்டு வருவதில்லை. அக்னி தீர்த்தத்தில் முழுக வந்தவரிடம் "இன்னைக்குக் காத்து சரியில்லை, நாளைக்கு வாங்க" என்று யார் சொல்ல முடியும்? அரிப்போடு சங்கல்பத்தை முடித்துக்கொண்டு கோயிலுக்குள் தீர்த்தக் கிணறுகளுக்குப் போகிறார்கள். தேர்ந்தெடுக்கும் கவலை விடுமுறைக்கு வருகிற என் உறவினர்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் மட்டுமே.

பாக் நீரிணைப் பக்கம் சொறியைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்திச் சீனாவுக்கும் கிழக்காசிய நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள்; அங்கே அது கல்யாண விருந்துப் பண்டம். பிடிப்பவர்கள் தின்பதில்லை. தின்பது ஆமைகள். ஆனால் 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, அந்தப் பக்கம் பேச்சைத் திருப்பினால் இந்தக் கட்டுரை வேறெங்கோ போய்விடும்.

இந்தக் கேள்வியை உயிர்க் கேள்வியாக எடுத்துக்கொண்ட ஊர்கள் வட ஆஸ்திரேலியாவில் இருக்கின்றன. குவீன்ஸ்லாந்தின் வடகரையில் நவம்பர் முதல் மே வரை சொறிப் பருவம்; அங்கு வருபவற்றில் ஒன்று, நிமிடக்கணக்கில் ஆளைக் கொல்லக்கூடிய பெட்டிச் சொறி. கடற்கரைகளில் வலையடித்து, வலைக்குள் மட்டும் நீந்தச் சொல்கிறார்கள். கரையோரம் கம்பத்தில் வினிகர் பாட்டில் தொங்குகிறது. உயிர்காப்புப் படையினர் ஒரு காலத்தில் பெண்களின் மெல்லிய நைலான் காலுறைகளை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். கொட்டும் நூலுக்கும் தோலுக்கும் நடுவே அவ்வளவு மெல்லிய துணியே போதும். வலையிலும் நுழைந்துவிடும் இருக்காஞ்சி என்ற சுண்டுவிரல் நகமளவுச் சொறி வேறு இருக்கிறது. கடற்கரையில் காரணம் தெரியாமல் முதுகுவலியும் வாந்தியும் எடுத்துத் துடித்தவர்களுக்கு இதுதான் காரணமா என்று பார்க்க, கெய்ர்ன்ஸ் நகர மருத்துவர் ஜாக் பார்ன்ஸ் 1961இல் ஒன்றைப் பிடித்துத் தன் மேல் வைத்துக் கொட்டவைத்தார். தன் ஒன்பது வயது மகனுக்கும் ஓர் உயிர்காப்பாளருக்கும் அதையே செய்தார். மூவரும் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்கள். அறிவியல் வரலாற்றில் அவரைப் புகழ்கிறார்கள். வீட்டில் என்ன வரவேற்பு கிடைத்தது என்பதைத்தான் நான் அடிக்கடி யோசிப்பேன். அந்தச் சொறிக்கு இப்போது அவர் பெயர்.

ஹொனலுலுவின் வைகீகி கடற்கரைக்கோ நாள்காட்டியே உண்டு. அங்கே ஒரு பெட்டிச் சொறி பௌர்ணமி கழிந்து எட்டு முதல் பத்து நாளுக்குள் மாதந்தோறும் கரைக்கு வருகிறது. நம் கணக்கில் தேய்பிறை அஷ்டமி, நவமி, தசமி. அஷ்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்ற பாட்டிகளுக்கு ஹவாயில் இப்படி ஓர் ஆதரவு. நம் கரைக்கு இப்படி நாள் குறிக்க முடியாது. வருபவை வேறு, வரவைப்பது காற்று. ஆனால் ஒன்று செய்யலாம். நம் கடற்கரைகளில் 'குளிக்கத் தடை' என்று பெயின்டில் எழுதிய பலகைகள் வெயிலில் உரிந்து நிற்கின்றன. யாரும் படிப்பதில்லை, ஏனென்றால் அவை எல்லா நாளும் ஒன்றையே சொல்கின்றன. பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து, இன்றைக்குக் காற்று எங்கிருந்து, இழுப்பு எங்கே, காலை வலையில் சொறி இருந்ததா என்று மூன்று வரி சாக்பீஸில் எழுத ஒரு மீனவர் போதும். அவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

எல்லாம் பார்த்து இறங்கினாலும் ஒன்றிரண்டு வந்து உரசத்தான் செய்யும். அதற்கு முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை. கியூபாவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு நீந்த முயன்ற டயானா நயாட் 2012இல் பெட்டிச் சொறிகளிடம் மாட்டினார். 2013இல், 64 வயதில், இரவு நேரங்களில் உடல் முழுவதும் உடையும் முகத்துக்கு முகமூடியும் மாட்டிக்கொண்டு சுமார் 53 மணி நேரம் நீந்திக் கரையேறினார். நமக்கு அவ்வளவு வேண்டாம், லைக்ரா சட்டையே போதும். தண்ணீர் தெளிவாக இருந்தும் உடை இறுகும் இடங்களில் மட்டும் பிறகு அரித்தால், சொறிக் குஞ்சுகள் துணிக்குள் சிக்கியிருக்கலாம். உடையோடு நல்ல தண்ணீரில் நிற்காமல், கழற்றிவிட்டுக் குளிக்க வேண்டும். நல்ல தண்ணீர் பட்டால் வெடிக்காமல் இருக்கும் பைகளும் வெடிக்கும்.

கொட்டுப்பட்டவருக்குக் கரையில் முதலில் கிடைப்பது மண்ணை அள்ளித் தேய்க்கும் வைத்தியம். அதுவும் மிச்சப் பைகளை உடைக்கத்தான் உதவும். சிறுநீர் யோசனையும் வேண்டாம். நூலைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, கடல்நீரால் கழுவி, தாங்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில், இருபது நிமிடம் வைத்திருந்தால் வலி தணியும். பெட்டிச் சொறிக்கு வினிகர் கட்டாயம் ஊற்ற வேண்டும். நீலக்குப்பிக்கு அது ஆகுமா ஆகாதா என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் சண்டை. மூச்சு திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ உடம்பில் நிறைய இடத்தில் பட்டிருந்தாலோ வெந்நீரைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். என் வண்டியின் பின்பக்கம் ஒரு பெரிய ஃபிளாஸ்க் வெந்நீர், இடுக்கி, வினிகர் பாட்டில் மூன்றும் எப்போதும் கிடக்கும். வெந்நீரைக் காலையில் மாற்ற வேண்டும். வினிகர் வீட்டு ஃப்ரைடு ரைஸுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.